நிழலிலிருந்து ஒரு முகம்: அமெரிக்க நாட்டார் பாணியில் நீர்வண்ண உருவப்படம் வரையும் முறை

நடுவில் ஒரு மேசை. இரு பக்கமும் கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். இருவருமே நம்மைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டு முகம் மட்டுமே தெரிகிறது. அவர் கறுப்புக் கோட்டு அணிந்திருக்கிறார், அவள் கையில் ஒரு புத்தகம். மேசைக்கு மேலே சுவரில் இலைமாலை சூட்டிய சிறு படம். காலடியில் பச்சையும் சிவப்புமாக ஒரு கம்பளம், அறையில் இருக்கும் எல்லாவற்றையும்விட உரக்கப் பேசுகிறது. தாளின் அடியில் சுழித்துச் சுழித்து எழுதிய பெயர், வயது, நாள்.

1832 முதல் 1837 வரை நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் மாநிலங்களின் கிராமங்களில் ஜோசஃப் ஹெச். டேவிஸ் என்பவர் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார். ஒரு படத்தில் தன்னை 'இடக்கை ஓவியர்' என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். 1837 ஆகஸ்டில் அவர் வரைந்த யார்க் குடும்பத்தின் படம் இன்று வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரில், ஆபி ஆல்ட்ரிச் ராக்கஃபெல்லர் நாட்டார் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த வகைப் படங்களை முதன்முதலில் பார்த்து வரைய உட்கார்ந்தபோது நான் செய்த தவறு இது: அவற்றின் 'பிழைகளை' நகலெடுத்தேன். பாதத்தை வேண்டுமென்றே சிறுத்தேன், தோளைக் கோணலாக்கினேன். வந்தது ஒரு கேலிச்சித்திரம். பல தாள்கள் வீணான பிறகுதான் புரிந்தது. அந்த ஓவியர்கள் யாரும் பிழையாக வரைய உட்காரவில்லை. எதிரே இருப்பவரை அச்சு அசலாகக் கொண்டுவரத்தான் பாடுபட்டார்கள். ஆனால் அவர்கள் நடந்த பாதை கலைப்பள்ளியின் பாதை அல்ல: நிழலில் தொடங்கி, கோட்டைப் பிடித்துக்கொண்டு, தட்டையான வண்ணத்தில் முடிவது. அந்தப் பாதையில் நேர்மையாக நடந்தால் அந்தத் தோற்றம் தானே வரும். கீழே சொல்லப்போவது அந்தப் பாதையைத்தான். மூன்று மாலைப்பொழுதுகள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

தாளும் வண்ணமும்

தாள் வழவழப்பாக இருக்க வேண்டும். கடையில் 'ஹாட் பிரஸ்' என்று கேளுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம் போதும். நீர்வண்ணத்துக்கு எல்லோரும் பரிந்துரைக்கும் சொரசொரப்பான 'கோல்ட் பிரஸ்' தாள் இதற்கு ஆகாது. மூக்கின் நுனியை மயிரிழைக் கோட்டில் வரைய வேண்டியிருக்கிறது. சொரசொரப்பில் அந்தக் கோடு உடைந்துபோகும். இங்கிலாந்தில் 1750-களில் ஜேம்ஸ் வாட்மன் ஆலையிலிருந்து வரித்தடம் இல்லாத வழவழப்பான தாள் வெளிவரத் தொடங்கியது. இந்த ஓவியர்கள் பெரிதும் நம்பியது அப்படிப்பட்ட தாளைத்தான். இருவர் படத்துக்கு 25 செ.மீ. உயரமும் 38 செ.மீ. அகலமும் கொண்ட தாள் சரியாக இருக்கும். டேவிஸின் தம்பதி படங்களும் ஏறத்தாழ இந்த அளவுதான்.

வண்ணம் ஏழு போதும்: பிரஷ்யன் நீலம், மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), ஒரு நல்ல சிவப்பு, தெளிந்த மஞ்சள், விளக்குக் கரியின் கறுப்பு. அந்தக் காலத்துச் சிவப்பு பாதரசம் கலந்த வெர்மிலியன். மஞ்சள், கம்போடியாவின் பெயரையே தாங்கி வந்த கேம்போஜ் என்ற மரப்பிசின். அது வயிற்றைப் புரட்டிப்போடும் நஞ்சு. இரண்டுமே வேண்டாம். காட்மியம் சிவப்பின் சாயலில் நச்சில்லாமல் கிடைக்கும் பைரால் சிவப்பையும் 'நியூ கேம்போஜ்' என்று விற்கும் மாற்று மஞ்சளையும் வாங்குங்கள். பச்சையைத் தனியாக வாங்காதீர்கள். பிரஷ்யன் நீலத்தோடு அந்த மஞ்சளைக் கலந்தால் வரும் ஆழ்ந்த இலைப்பச்சைதான் இந்தப் படங்களின் பச்சை. கடைப் பச்சை எதுவும் அந்த இடத்தில் அந்நியமாகத் தெரியும்.

நியூயார்க் மாநிலத்தின் கிரீன்வில் பக்கம் வாழ்ந்த மேரி ஆன் வில்சன் என்ற நாட்டார் ஓவியர் பழச்சாறும் செங்கல் பொடியும் கொண்டு வண்ணம் செய்தார் என்று சொல்வார்கள். செங்கல் பொடியை நீங்களும் முயன்று பார்க்கலாம். அரைத்து, நீரில் கலக்கி, மேலே மிதக்கும் நுண்தூளை மட்டும் எடுத்துப் பிசினில் குழைத்தால் அருமையான காவி கிடைக்கும். பழச்சாறு மட்டும் வேண்டாம், வெளிச்சத்தில் வெளிறிவிடும்.

இவற்றோடு பிசினும் வேண்டும். வேல மரத்துப் பிசின் ஒரு பங்கு, வெந்நீர் இரண்டு பங்கு. ஓர் இரவு ஊறவைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். நாட்டு மருந்துக் கடைக் கருவேலம் பிசினே போதும். இது எதற்கு என்று கறுப்புக் கோட்டைப் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

தூரிகை இரண்டு: எண் 4, எண் 0. பிறகு ஒரு ஹெச் பென்சில், தொட்டெழுதும் முனைப்பேனா.

நிழலைப் பிடித்தல்

ஏன் பக்கத்தோற்றம்? நியூ இங்கிலாந்தில் (அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில்) ஊர் ஊராகச் சுற்றிப் படம் வரைந்த ரூஃபஸ் போர்ட்டர் (பின்னாளில் 1845-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழைத் தொடங்கியவர் இவர்தான்) 1820-களில் அச்சிட்ட விலைத்துண்டில் விடை இருக்கிறது. தாளில் வெட்டிய நிழலுரு, இரண்டு பிரதி, 20 சென்ட். முழு வண்ணத்தில் பக்கத்தோற்றம் 2 டாலர். நேர்முகம் 3 டாலர். தந்தத்தில் சிற்றோவியம் 8 டாலர். பக்கத்தோற்றத்தை நிழலைக் கொண்டோ கருவியைக் கொண்டோ சில நிமிடங்களில் பிடித்துவிடலாம். மூக்கு, உதடு, தாடை மூன்றும் சரியாக விழுந்துவிட்டால் அந்த ஆளை ஊரே அடையாளம் கண்டுகொள்ளும். கைத்திறனைவிட நிழல் நம்பகமானது.

ஃபிலடெல்ஃபியாவில் ஓவியர் சார்ல்ஸ் வில்சன் பீலின் அருங்காட்சியகத்தில் 1800-களின் தொடக்கத்தில் இதற்கென்றே ஒரு பொறி வைத்திருந்தார்கள். அதில் ஆயிரக்கணக்கான நிழலுருக்களை வெட்டித் தந்தவர் மோசஸ் வில்லியம்ஸ், பீல் வீட்டில் அடிமையாக வளர்ந்து விடுதலை பெற்றவர். மாசசூசெட்ஸில் ஒரு போதகரின் மனைவியான ரூத் ஹென்ஷா பாஸ்கமுக்குப் பொறியும் தேவைப்படவில்லை. சுவரில் விழுந்த நிழலைத் தாளில் பிடித்து, ஆளின் அசல் அளவிலேயே பாஸ்டல் கட்டியால் முகங்களை வரைந்தார். 1789-இல் அவர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு அரை நூற்றாண்டுக்கும் மேல் நீள்கிறது. யார் வீட்டுக்குப் போனார், யாருடைய நிழலைப் பிடித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

நாமும் பாஸ்கமின் வழியில் போவோம். சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டுங்கள். உங்கள் மாதிரியை நாற்காலியில் பக்கவாட்டாக உட்காரவைத்து, தோள் சுவரைத் தொடும்படி நெருக்குங்கள். அப்போது முகத்தின் நடுக்கோடு சுவரிலிருந்து சுமார் 22 செ.மீ. தள்ளி இருக்கும். விளக்கை மூக்கின் உயரத்துக்கு நேராக, சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி வையுங்கள். நான் முதலில் மெழுகுவர்த்தியை 75 செ.மீ. தொலைவில் வைத்தேன். நிழல் 40 விழுக்காடு பெருத்து, விளிம்பு 4 மி.மீ. அகலத்துக்கு மங்கிப்போனது. மூக்கு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. 2 மீட்டரில் வைத்தால் நிழல் 12 விழுக்காடு மட்டுமே பெருக்கும், மங்கல் 1 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். கைபேசியின் டார்ச் இன்னும் நல்லது. ஒளிப்புள்ளி எவ்வளவு சிறியதோ நிழல் அவ்வளவு கூர்மை.

தலையின் பின்புறம் எதிலாவது சாய்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் மூச்சு விடும்போதெல்லாம் நிழல் ஆடும். நெற்றியில் தொடங்கித் தாடை வரை ஒரே மூச்சில் பென்சிலை ஓட்டுங்கள். பின்னந்தலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உதடுகள் சேருமிடத்தை மட்டும் மிகக் கவனமாகக் குறியுங்கள், முகபாவம் முழுவதும் அந்தச் சிறு பள்ளத்தில்தான் இருக்கிறது. பேசவைக்காதீர்கள், சிரிக்கவைக்காதீர்கள். நிழலை எடுத்தவுடனே, ஆள் எழுவதற்கு முன், கண்ணும் காதும் எந்த உயரத்தில் வருகின்றன என்று தாளின் ஓரத்தில் இரண்டு கோடு கிழித்துவிடுங்கள். நிழலில் அவை இரண்டும் தெரியாது.

எட்டில் ஒன்றாக

பெரிய தாளில் 24 மி.மீ. கட்டங்கள் போடுங்கள், வேறொரு துண்டுத் தாளில் 3 மி.மீ. கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து மாற்றினால் 26 செ.மீ. உயரத் தலை 3.2 செ.மீ. ஆகிவிடும். கைபேசியில் படமெடுத்தும் சுருக்கலாம்தான், ஆனால் கையால் மாற்றும்போது ஒன்று நடக்கிறது: கண் தேவையற்ற நெளிவுகளைத் தானே விட்டுவிட்டு, நெற்றியின் சரிவையும் தாடையின் முனைப்பையும் மட்டும் வைத்துக்கொள்கிறது. அந்தத் தெளிவு இந்தப் பாணியின் உயிர். இந்த ஒரு படியை மட்டும் இயந்திரத்திடம் விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுருக்கிய முகத்தை நல்ல தாளுக்கு மாற்ற, துண்டின் பின்புறம் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டு மேலிருந்து மெதுவாகக் கோட்டின்மீது வரையுங்கள்.

உடலும் மேசையும்

முகத்துக்குத்தான் நிழல். உடலுக்கு ஊர் ஓவியரிடம் ஏற்கெனவே ஒரு வடிவம் கைவசம் இருந்தது. டேவிஸின் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நாற்காலி அதே, மேசை அதே, கால்களின் மடிப்பும் அதே. மாறுவது முகம், உடையின் வேலைப்பாடு, கையில் இருக்கும் பொருள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஊர் ஊராகப் போகிறவருக்கு நேரம் எங்கே செலவாக வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது.

உயிருள்ள மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழு தலை. இங்கே ஆறு தலை வையுங்கள்: 3.2 செ.மீ. தலைக்கு, நின்றால் 19 செ.மீ. வரும். தலை சற்றுப் பெரிதாகத் தெரிவது இதனால்தான். முகத்துக்குத்தானே காசு கொடுக்கிறார்கள். பாதங்கள் பக்கவாட்டில், கூர்மையாக, தரையை மெல்லத் தொட்டபடி இருக்கட்டும். கைகளை எளிமையாக விடுங்கள், விரல்களைப் புத்தகமோ செய்தித்தாளோ பூவோ மறைக்கட்டும்.

கையில் எதைக் கொடுப்பது என்று நன்றாக யோசியுங்கள். தச்சருக்கு மட்டப்பலகை, ஆசிரியருக்குப் பேனா. அந்தப் பொருள்தான் அவருடைய வாழ்க்கையை ஒரு சொல்லில் சொல்லும். மேசைமேல் தொப்பி, பழத்தட்டு, பூனை எது வேண்டுமானாலும் வைக்கலாம். மேசையின் மரத்தை மஞ்சள் காவியில் தட்டையாகப் பூசி, காய்ந்ததும் பர்ன்ட் அம்பரில் உலர்ந்த தூரிகையால் நெளிநெளியாக இழுங்கள். மலிவான பைன் மரத்தை விலையுயர்ந்த மரம்போலக் காட்ட அந்நாளில் வீட்டு மரச்சாமான்களுக்கே இப்படி ரேகை தீட்டுவது வழக்கம். படத்திலும் அது அப்படியே ஏறியது.

தாளின் அடியில் 3 செ.மீ. வெறுமையாக விடுங்கள். எழுத்துக்கு.

முகம்

மஞ்சள் காவியில் ஒரு துளிச் சிவப்பு. நீரை நிறையச் சேர்த்து, ஒரே பூச்சு. மாநிறத்துக்குப் பர்ன்ட் சியன்னாவும் காவியும். எந்த நிறமானாலும் ஒரே மெல்லிய பூச்சுதான், தாள் உள்ளிருந்து ஒளிர வேண்டும். கன்னத்துக்கு நிழல் தீட்டி உருண்டையாக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். காய்ந்தபின் எண் 0 தூரிகையின் நுனியால் கன்னத்தில் சிவப்பை மிகச் சிறு புள்ளிகளாக வையுங்கள், பத்துப் பன்னிரண்டு போதும்.

பிறகு வெளிக்கோடு. பர்ன்ட் அம்பரை நீர்த்து, நெற்றியிலிருந்து தாடை வரை. இந்தக் கோட்டில் கை நடுங்கினால் அழிக்க முடியாது. வேறொரு தாளில் இருபது தடவை பழகிவிட்டு வாருங்கள். கண் பக்கவாட்டில் ஒரு சிறு முக்கோணம். பாவையை வைத்து, மேல் இமையை மட்டும் அழுத்திக் கோடிடுங்கள்.

சாயல் வரவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு ஜேம்ஸ் கில்டின் கதையைச் சொல்வேன். வெர்மான்ட்டைச் சேர்ந்த அவர் தெருத்தெருவாகச் சாமான் விற்றவர். நியூயார்க் மாநிலத்தில் ஓர் ஓவியரிடம் 5 டாலர் கொடுத்து ஒரே ஒரு நாள் பாடம் கற்றார். அடுத்த ஊரில், தன் சட்டையைத் துவைத்துத் தந்தால் படம் வரைந்து தருவதாக ஒரு பெண்ணிடம் சொன்னார். முதல் படத்தைத் தூக்கி எறிந்தார். இரண்டாவதும் அவளைப்போல இல்லை, கழுத்து நெரிபட்ட பூனையைப்போல இருந்தது என்று அவரே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். உன்னைப்போலவே இருக்கிறது என்று அவளிடம் சொன்னார், அவளும் நம்பினாள். அதோடு அவர் நின்றுவிடவில்லை, சிற்றோவியக்காரராகவே வாழ்ந்தார். உங்கள் இரண்டாவது படம் சரியாக வராவிட்டால் ஐந்தாவது வரும்.

நேர்முகம்தான் வேண்டும் என்றால் ஜேக்கப் மென்டலைப் பாருங்கள். ஜெர்மனியிலிருந்து வந்து பென்சில்வேனியாவில் வரைந்த அவர் பக்கத்தோற்றத்தில் தொடங்கிப் பிற்காலத்தில் நேர்முகத்துக்கு வந்தார். ஆனால் முதல் படத்திலேயே அதற்குப் போக வேண்டாம்.

கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தொப்பி

கறுப்பை நேரடியாகப் பூசினால் தாளில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும். முதலில் பிரஷ்யன் நீலமும் பர்ன்ட் அம்பரும் கலந்த கருமையில் ஒரு பூச்சு. அது நன்றாகக் காய்ந்தபின் விளக்குக் கறுப்பு இரண்டு மெல்லிய பூச்சு. மடிப்புகளை வண்ணத்தால் காட்டாதீர்கள். இப்போதுதான் பிசினுக்கு வேலை. கழுத்துப்பட்டி, பையின் விளிம்பு, கைமடிப்பு எங்கெங்கே வருமோ அங்கெல்லாம் வெறும் பிசினைத் தூரிகையில் எடுத்துக் கோடிடுங்கள். நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தாளைச் சற்றுச் சாய்த்தால் மங்கிய கறுப்பின்மேல் பளபளப்பான கறுப்பில் கோட்டின் தையல் முழுவதும் எழுந்து நிற்கும். முதல்முறை அதைப் பார்த்த அன்று நான் விளக்கடியில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிசின் கெட்டியாக இருந்தால் மட்டும் வெடித்துவிடும். தேனின் பாதிப் பதம் போதும்.

பெண்ணின் தொப்பிக்கும் கழுத்து லேஸ் பின்னலுக்கும் தாளின் வெண்மையே வெள்ளை. நீர்த்த சாம்பல் கோட்டில் பின்னலின் ஓட்டைகளை மட்டும் வரையுங்கள். கம்மல், மணிமாலை, பொத்தான் இவற்றுக்குத் தங்கத்தாள் துண்டை ஒட்டலாம். மருத்துவரான சாமுவேல் ஷூட்டும் அவர் மனைவி ரூத் ஷூட்டும் அப்படிச் செய்தார்கள். நூற்பாலைப் பெண்களைப் பெரிய தாளில் வரைந்த அந்தத் தம்பதி சில படங்களின் பின்னால் 'வரைந்தது ஆர். டபிள்யூ. ஷூட், வண்ணம் தீட்டியது எஸ். ஏ. ஷூட்' என்று குறித்து வைத்தார்கள். மனைவியின் பெயர் முன்னால், கணவரின் பெயர் பின்னால்.

இந்தத் துறையில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு. டெபோரா கோல்ட்ஸ்மித் தான் வரைந்த ஒருவரையே மணந்து, 1836-இல் முப்பது வயதுகூட ஆகாமல் இறந்தார். ஜே. ஏ. டேவிஸ் என்று மட்டும் கையொப்பமிட்டவரை ஆண் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அவர் ஜேன் ஆன்டனி டேவிஸ் என்ற பெண்.

கம்பளம்

இரண்டாம் மாலை முழுவதும் இதற்கே. முகத்துக்குச் செலவிட்டதைவிட அதிக நேரம் பிடிக்கும், அதைக் கண்டு பொறுமை இழக்காதீர்கள்.

கம்பளத்தைத் தொலைவுக்கேற்பச் சுருக்கக் கூடாது. சுவரில் தொங்கும் துணியைப்போல நேராக, முன்னும் பின்னும் ஒரே அளவில் வரையுங்கள். 12 மி.மீ. கட்டங்களைச் சாய்வாகப் போட்டு, ஒரு பூவோ வைரவடிவமோ தேர்ந்துகொள்ளுங்கள். வெளிர்ந்த வண்ணத்திலிருந்து தொடங்க வேண்டும்: முதலில் மஞ்சள், அடுத்து சிவப்பு, அடுத்து பச்சை, எல்லாம் காய்ந்தபின் கறுப்பு. ஒரே நிறத்தைத் தாள் முழுவதும் முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். ஒவ்வொரு பூவாக முடித்தால் கலவையின் நிறம் இடத்துக்கு இடம் மாறிவிடும். காலணியையும் நாற்காலிக் காலையும் சுற்றிக் கவனமாகப் போங்கள்.

அந்தப் பண்ணை வீடுகளில் எல்லாம் இவ்வளவு பளிச்சிடும் கம்பளம் கிடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஓவியர் தன் கைவரிசையைக் காட்டக் கிடைத்த இடம் அது. முகத்தில் அவருக்குச் சுதந்திரம் இல்லை, நிழல் சொன்னபடிதான் போக வேண்டும். தரையில் அவர் ராஜா. உங்களுக்கும் அங்கே யாரும் தடை சொல்லப்போவதில்லை.

எழுத்து

மூன்றாம் மாலை. பெயர், வயது, ஊர், நாள். இரண்டு மெல்லிய பென்சில் கோடுகளுக்கு நடுவே, நீரில் கரையாத நிறமி மையில். அக்கால இரும்பு மை தாளையே அரித்துத் தின்னும், அதைத் தேடிப் போகாதீர்கள். முதலில் இன்னொரு துண்டில் அதே அளவில் எழுதிப் பார்த்து, நடுவில் வருமாறு இடத்தை அளந்துகொள்ளுங்கள். 'வயது' என்பதை விட்டுவிடாதீர்கள். 1839-இல் பாரிஸில் டாகுவேர் ஒளிப்படம் அறிவிக்கப்பட்டு, சில ஆண்டுகளில் அமெரிக்க ஊர்களுக்கும் வந்து, இந்த ஓவியர்களின் பிழைப்பைப் பறித்தது. ஆனால் பழைய ஒளிப்படப் பெட்டிகளில் எத்தனையோ முகங்கள் பெயரின்றிக் கிடக்கின்றன. ஜோசஃப் டேவிஸின் தம்பதிகள் எத்தனையோ பேருக்குப் பெயரும் வயதும் இன்றுவரை கூடவே இருக்கின்றன, அவர் அந்த 3 செ.மீ. இடத்தை விட்டு வைத்ததால்.

உங்கள் பெயரைப் படத்தின் பின்புறம் பென்சிலில் எழுதுங்கள், நாளோடு.

சட்டம்

கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. பிசின் பூசிய கறுப்பு ஈரக்காற்றில் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் அமிலமற்ற அட்டையில் வெட்டிய சாளரம் ஒன்று வையுங்கள். பின்புறமும் அமிலமற்ற அட்டைதான். மரப்பலகையை நேரடியாக வைத்தால் சில ஆண்டுகளில் தாளில் பழுப்புக் கறை ஏறும். ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். அருங்காட்சியகங்களிலேயே இத்தகைய தாள் ஓவியங்களை 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சத்தில்தான் வைக்கிறார்கள், அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். பிறகு மீண்டும் இருட்டுப் பெட்டிக்குப் போய்விடும். வீட்டில் உள்நடையின் சுவர், வெயில் படாத பக்கம், கண்ணின் உயரம். சாய்ந்து பார்க்க ஒரு நாற்காலியாவது போட இடமிருக்கட்டும், கோட்டின் தையல் அப்போதுதான் தெரியும்.